டெல்லிக் குளிரில் ஜாடிக்கு ஏன் வெயில்?

டெல்லியில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிப்பது 2009-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். புளிக்கவைத்த கேரட் பானமான காஞ்ஜிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜனவரியில் மொட்டைமாடிகளில் கறுப்பு கேரட், கடுகுத்தூள், உப்பு, தண்ணீர் நிரம்பிய ஜாடிகள் வெயில் காயும்.

ஏன் வெயில்? கேரட் தோலில் ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் சர்க்கரையைத் தின்று புளிப்பைத் தருகின்றன. உப்பு, வேண்டாத கிருமிகளை ஒதுக்கிவைக்கிறது. ஆனால் 7, 8 டிகிரி இரவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சோம்பிவிடும். பகல் வெயில்தான் எழுப்பிவிட வேண்டும். புளிப்பு ஏற ஏற ஊதாத் தண்ணீர் சிவக்கும். கேரட்டின் ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் நிறம் மாறுவதால், தனியாக அமிலமானி வாங்கத் தேவையில்லை.

பாத்திரம்? கண்ணாடி அல்லது பீங்கான். அலுமினியத்தை அமிலமும் உப்பும் அரிக்கும்; பிளாஸ்டிக் கீறல்களில் கிருமி தங்கும். மூடியை இறுக்க வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும்.

பீருக்கும் வெப்பநிலைதான் முக்கியம்: முதல் செலவு பெரிய டிரம்முக்கு அல்ல, வெப்பக் கட்டுப்பாட்டுக்குத்தான். ஏல் வகை பீருக்கான ஈஸ்டுகள் பலவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி போதும். டெல்லியின் மே மாதச் சூட்டில் விட்டால் பெயின்ட் தின்னர் வாடைதான் மிஞ்சும்.