வாக்கின் வழிவந்த தனியாட்சி

கொடுங்கோன்மை என்னும் சொல் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. திருக்குறளில் செங்கோன்மையை அடுத்து ஓர் அதிகாரமாகவே அது நிற்கிறது. ஆயின் அச்சொல் சுட்டும் வேந்தன் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அல்லன். குடிகள் தேர்ந்த ஒருவர் அத்தேர்வையே படியாக்கித் தடுப்பாரின்றி ஓங்கும் நிலைக்கு, நாம் 'சர்வாதிகாரம்' என்னும் வடசொல்லையே வழங்கி வருகிறோம். அந்நிலை உருவாகும் வகையை, இராமேசுவரத்திற்கு எதிர்க்கரையாகிய இலங்கையின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1977 சூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு ஏறத்தாழ 51. பெற்ற இடங்களோ 168இல் 140. அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு போதும். தொகுதிமுறை ஆறில் ஐந்து பங்கினையே அளித்துவிட்டது. இட்லர் 1933இல் அதிகாரமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றப் பிற கட்சிகளின் துணையை நாட வேண்டியிருந்தது, ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்கு அத்தேவையும் இல்லை. அரசமைப்பைத் திருத்தி, 1978 பிப்ரவரி 4ஆம் நாள் அவர் நிறைவேற்றதிகாரம் உடைய குடியரசுத் தலைவரானார். 1980இல் முன்னாள் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடிசார் உரிமைகள் ஏழாண்டுக்குப் பறிக்கப்பட்டன. எனவே 1982 அக்டோபர்த் தேர்தலில் அவர் போட்டியிட இயலவில்லை.

இனி வருவதே கூர்ந்து நோக்கத்தக்கது. 1978ஆம் ஆண்டு அரசமைப்பு விகிதாசாரத் தேர்தல்முறையைப் புகுத்தியிருந்தது. அம்முறையில் தேர்தல் நடப்பின், ஆறில் ஐந்து பங்கு இடங்கள் மீண்டும் கிட்டா என்பது வெளிப்படை. ஆகவே தேர்தலுக்கு மாறாகப் பொதுவாக்கெடுப்பு வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் நாளிடப்படாத பதவி விலகல் கடிதங்கள் முன்னரே பெறப்பட்டன. 1982 டிசம்பர் 22ஆம் நாள், பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டிக்க உடன்படுவோர் விளக்குச் சின்னத்திற்கும், மறுப்போர் குடச் சின்னத்திற்கும் வாக்களித்தனர். விளக்கு நூற்றுக்கு 54.7 வாக்குகளால் வென்றது. யாழ்ப்பாணம் குடத்தின் பக்கமே நின்றது. (குடவோலை முறையை வகுத்த உத்தரமேரூரார், பதவி வகித்தவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வருதலைத் தடுத்திருந்தமை இவ்விடத்து நினைவிற்கு வருகிறது.)

ஒவ்வொரு படியும் சட்டப்படியே ஏறப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. அதிபர் முறையைக் கட்சி தன் தேர்தல் அறிக்கையிலேயே கூறியிருந்தது. ஜயவர்த்தனாவும் 1989 சனவரியில் பதவியினின்று நீங்கினார். ஆதலின் அவரை இட்லரோடு ஒருதட்டில் வைத்தல் ஆய்வுநெறியன்று. எனினும் வாக்காளரின் ஒருநாள் ஒப்புதல், அடுத்த ஆறாண்டுக்கு அவர்தம் தீர்ப்பையே ஒத்திவைத்தது.

1983 சூலைக் கலவரத்திற்கு இப்பொதுவாக்கெடுப்பே காரணம் என்று கூறோம். ஆயின் கலவரம் நிகழ்ந்தபோது ஆட்சியைத் திருத்தத்தக்க தேர்தல் எதுவும் அருகில் இல்லை. ஆகத்து மாதம் நிறைவேறிய ஆறாம் திருத்தம், தனிநாட்டுக் கோரிக்கையை மறுத்து உறுதிமொழி எடுக்குமாறு உறுப்பினர்களைப் பணித்தது. அதனை ஏலாத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். பாராளுமன்றத்தில் அம்மக்களின் குரல் ஒடுங்கிய அக்காலத்தில், படகுகள் தனுசுக்கோடி மணலிலும் இராமேசுவரத்திலும் ஒதுங்கலாயின. வந்தோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், கடல் கடக்குமுன் நிறுத்தி வைக்கப்பட்டதும் அம்மண்டபத்திலேதான்.