நடுவட்டத்திலிருந்து நாற்பது மீட்டர்

தென் கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் குடியிருப்புக்கு வடக்கே ரயில் பாதை ஓடுகிறது. அதைத் தாண்டினால் ரவீந்திர சரோவர் ஏரி. ஏரியின் மறுகரையில், சதர்ன் அவென்யூ பக்கமாக, அதே பெயரில் ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு நடந்தே போகும் தூரம். 2017இல் நடக்கவிருந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகச் சால்ட் லேக் மைதானத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்ததால், 2016 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் அட்லெடிகோ டி கொல்கத்தா தன் ஊர் ஆட்டங்களை இங்கேதான் ஆடியது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மும்பையை 3-2 என்று வென்றதும் இங்கேதான்.

இறுதி ஆட்டம் டிசம்பர் 18 அன்று கொச்சியில். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். அரங்கம் முழுக்க மஞ்சள் சட்டை. கூடுதல் நேரம் முடிந்தும் 1-1. பெனால்டி ஷூட்அவுட்டில் கொல்கத்தாவின் முதல் உதைக்கு வந்தவர் கனடா நாட்டு வீரர் இயன் ஹியூம். எட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஆடும்போது எதிராளியின் முழங்கை பட்டு மண்டையோடு பிளந்து, பிழைத்து, மறுபடி ஆட வந்த மனிதர் அவர். அந்தப் பருவத்தில் அணிக்காக அதிக கோல் அடித்தவரும் அவரே. அவருடைய உதையைக் கேரளத்தின் கோல்கீப்பர் கிரஹாம் ஸ்டாக் தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நால்வரும் பிசகவில்லை. டௌட்டி, போர்ஹா பெர்னாண்டஸ், ஹாவி லாரா, கடைசியில் ஜுவல் ராஜா. இடையில் கேரளத்தின் என்டோயே குறி தவறினார். ஹெங்பார்ட்டின் உதையைத் தேவ்ஜித் மஜும்தார் தடுத்தார். 4-3. கோப்பை கொல்கத்தாவுக்கு வந்தது.

இப்படி முடியும் ஆட்டங்களை "எல்லாம் அதிர்ஷ்டம், லாட்டரி" என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. உண்மையான லாட்டரி இதற்கு முன்னால்தான் இருந்தது. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோலின்றிச் சமனில் நின்றபோது, நடுவர் நாணயத்தைச் சுண்டினார். இத்தாலி இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணி சீட்டுக் குலுக்கலில் வெளியேறியது. அந்த நாட்டின் யோசெப் தகான் என்பவர் முன்வைத்த யோசனையின் வழியாக, 1970இல் ஷூட்அவுட் சட்டப் புத்தகத்தில் ஏறியது. நாணயத்தின் கையில் இருந்த முடிவு மனிதனின் காலுக்கு வந்தது. அத்துடன் பொறுப்பும் வந்தது.

உதையின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் உதைத்த பந்து கோட்டைத் தொட அரை நொடிகூட ஆகாது. பந்து புறப்பட்ட பிறகு திசை பார்த்து, முடிவெடுத்து, மூலைக்குப் பாய்ந்து கை நீட்டக் கோல்கீப்பருக்கு அந்த நேரம் போதாது. எனவே அவர் உதைப்பவரின் ஓட்டத்தையும், ஊன்றுகாலையும், இடுப்பின் திருப்பத்தையும் படித்து முன்கூட்டியே ஒரு பக்கம் பாய்கிறார். உதைக்கும் நொடியில் அவருடைய ஒரு காலின் பகுதியாவது கோட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது 2019 முதல் விதி.

உதைப்பவரிடம் இரண்டு வழிகள் உண்டு. மூலையை முன்பே முடிவுசெய்துகொண்டு, கீப்பர் என்ன செய்தாலும் அங்கேயே அடிப்பது ஒன்று. ஓடிவரும்போதே கீப்பரைக் கவனித்து, அவர் சாயும் பக்கத்துக்கு எதிரே தட்டிவிடுவது மற்றொன்று. முதலாவதற்குத் துல்லியம் வேண்டும். இரண்டாவதற்கு நெஞ்சுரம் வேண்டும். கீப்பர் கடைசிவரை அசையாமல் நின்றுவிட்டால் உதைப்பவரின் கால் தடுமாறும். மேல் மூலைக்குப் போகும் பந்தைத் தடுப்பது மிக அரிது. ஆனால் அங்கே குறிவைப்பவர் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிடும் ஆபத்தையும் சேர்த்தே ஏற்கிறார்.

கீப்பர்களுக்கும் மனம் உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர் மைக்கேல் பார்-எலியும் கூட்டாளிகளும் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். ஏறத்தாழ 29 சதவீத உதைகள் நடுவில் வந்தன. கீப்பர் நடுவிலேயே நின்றதோ 6 சதவீதம்தான். பாய்ந்து தோற்றால் "முயன்றான்" என்பார்கள், நின்று தோற்றால் "சும்மா நின்றான்" என்பார்கள் என்ற அச்சமே காரணம் என்பது அவர்கள் வாதம்.

இனி உதைப்பவரின் மனம். சமமான ஆடுகளத்தில், பயிற்சியில், பத்துக்கு ஒன்பது அடிக்கிற வீரனுக்கு இறுதி ஆட்டத்தில் என்ன ஆகிறது? நடுவட்டத்தில் தோழர்களின் தோளில் கைபோட்டு நிற்கிறான். பெயர் வந்ததும் தனியாகப் பிரிந்து, சுமார் நாற்பது மீட்டர் நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடி இறுகிய கால்கள், ஓலமிடும் அரங்கம். அந்த நடையில் பயத்துக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் கிரெக் உட், மார்க் வில்சன் ஆகியோர் உதைப்பவர்களின் பார்வை போகும் இடத்தைக் கருவிகொண்டு அளந்தார்கள். பதற்றம் ஏறினால் கண் கீப்பர் மேலேயே நிலைக்கிறது. பந்தும் அவர் கைக்கெட்டும் தூரத்துக்கே போகிறது.

நார்வேயின் கெயிர் ஜோர்டெட் பல ஆண்டுகளாக ஷூட்அவுட்டுகளை ஆராய்ந்துவருகிறார். அடித்தால் வெற்றி என்ற நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அடித்துவிடுகிறார்கள். தவறினால் தோல்வி என்ற நிலையில் ஏறக்குறைய ஆறு பேர்தான். தூரம் அதே 11 மீட்டர். கீப்பருக்கு முதுகைக் காட்டித் திரும்புவதும், விசில் கேட்டதும் அவசரமாக ஓடுவதும் பயத்தின் அடையாளங்கள் என்கிறார் அவர். விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சை நிதானமாக இழுப்பதும், தவறவிட்டவனைத் தோழர்கள் எதிர்கொண்டு அழைத்துவருவதும் பயிற்சியில் சேர வேண்டியவை.

இந்தப் பயிற்சியின் பலன் எப்போதும் ஒரே மாதிரி வராது. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதி. கொல்கத்தாவின் மோகன் பாகனும் பெங்களூருவும் 2-2. மோகன் பாகனுக்காகப் பெட்ராடோஸ், லிஸ்டன் கொலாசோ, கியான் நஸ்ஸிரி, மன்வீர் சிங் நால்வரும் அடித்தார்கள். புருனோ ரமிரெஸின் உதையை விஷால் கைத் தடுக்க, பாப்லோ பெரெஸ் கம்பத்துக்கு மேலே அடித்தார். 4-3. கியான், எண்பதுகளில் கொல்கத்தாவைக் கலக்கிய ஈரானிய வீரர் ஜம்ஷித் நஸ்ஸிரியின் மகன். அப்பா ஆடிய ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த நாற்பது மீட்டரை நடந்த இளைஞனை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். சென்னையின் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பாகனுக்கு எதிராக கோல் அடித்து, ஈஸ்ட் பெங்காலுக்கு நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு டெர்பி வெற்றியைத் தந்தவர். அதே டூரண்ட் கோப்பை அரையிறுதியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் 2-1 என்று முந்தி நிற்க, தொண்ணூறு நிமிடமும் கடந்த பிறகு சமன் செய்தவரும் அவரே. அடுத்து வந்த ஷூட்அவுட்டில் ஈஸ்ட் பெங்காலின் ஐந்து உதைகளும் உள்ளே போயின. அவற்றில் ஒன்று நந்தகுமாருடையது. கோல் போட்டாயிற்று, என் வேலை முடிந்தது என்று அவர் ஒதுங்கவில்லை.

மறு ஆண்டு, 2024 ஆகஸ்ட் 31, சால்ட் லேக். டூரண்ட் இறுதியில் மோகன் பாகன் 2-0 என்று முன்னிலை பெற்று, அதை இழந்து, 2-2 என்று ஷூட்அவுட்டுக்கு வந்தது. கோவாவில் அடித்த அதே லிஸ்டனின் உதையை நார்த்ஈஸ்ட் கீப்பர் குர்மீத் சிங் தடுத்தார். கேப்டன் சுபாஷிஷ் போஸின் உதையையும் தடுத்தார். நார்த்ஈஸ்ட் தன் முதல் கோப்பையை வென்றது. சுபாஷிஷ் தடுப்பாட்டக்காரர், கோல் அடிப்பது அவர் தொழிலே அல்ல. அணியில் முன்கள வீரர்கள் இருந்தும், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் உதைக்க வந்தார்.

தவறவிட்டும் மறுபடி முன்வந்தவர்கள் உண்டு. 2010 உலகக் கோப்பையில் கானாவின் அசமோவா கியான், கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் பெனால்டியைக் கம்பத்தில் அடித்துவிட்டு, சில நிமிடங்களிலேயே ஷூட்அவுட்டில் தன் அணியின் முதல் உதைக்குத் தானே வந்து அடித்தார். 2021இல் ஷூட்அவுட்டில் தவறவிட்டு நிறவெறி ஏச்சுக்கு ஆளான இங்கிலாந்தின் புகாயோ சாகா, 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக மறுபடி வந்து அடித்தார். தவறவிட்டவனை ஏசுகிறவர்கள், அடுத்த முறை யாரும் முன்வராமல் இருக்கவே வழிசெய்கிறார்கள்.

சுபாஷிஷ் தலைமையில் மோகன் பாகன், அந்த டூரண்ட் தோல்வி நடந்த பருவத்திலேயே லீக் ஷீல்டை வென்றது. 2025 ஏப்ரல் 12 அன்று, அதே சால்ட் லேக்கில், பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஸ்.எல். கோப்பையையும் எடுத்தது. 2024-25க்கான இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் சுபாஷிஷ் போஸுக்கே வழங்கியது.