நூலகமும் இரு தோட்டங்களும்: கிளாட்ஸ்டன் நூலகம் – ஓர் அறிமுகம்

பிரித்தானியாவில் நான்கு முறை பிரதமராக இருந்த வில்லியம் எவார்ட் கிளாட்ஸ்டன் (1809–1898), வடக்கு வேல்ஸின் ஹார்டன் என்னும் சிற்றூரில் நிறுவிய நூலகம் இறையியல் ஆய்வாளரிடையே நன்கு அறியப்பட்டதாகும். அந்நூலகத்தையும் அதனை அடுத்துள்ள மாளிகைத் தோட்டத்தையும் இக்கட்டுரை அறிமுகப்படுத்துகின்றது. அங்குச் செல்வோர் மனங்கொள்ள வேண்டிய பிறிதொரு தோட்டத்தையும் அது சுட்டுகின்றது.

தம் இல்லத்தில் நிறைந்து கிடந்த நூல்கள், நூல் வாங்க இயலாதோர்க்குப் பயன்பட வேண்டுமென கிளாட்ஸ்டன் விரும்பினார். எண்பது வயதைக் கடந்த நிலையில், மகளும் பணியாளரும் துணைநிற்க, ஏறத்தாழ 32,000 நூல்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் புதிய இடத்திற்கு மாற்றினார். 40,000 பவுன் அறக்கொடையும் வழங்கினார். அவர் மறைந்தபின், ஜான் டக்ளஸ் வடிவமைத்த கட்டடம் பொதுமக்கள் நன்கொடையால் எழுந்து 1902இல் திறக்கப்பட்டது. 1906இல் தங்குமிடமும் சேர்ந்ததால், வாசகர் அங்கேயே தங்கிக் கற்கும் வாய்ப்பு உண்டாயிற்று. புனித டெய்னியல் நூலகம் என வழங்கிய இது 2010இல் இன்றைய பெயரைப் பெற்றது.

நூல்களை அடுக்கும் முறை குறித்து கிளாட்ஸ்டன் 1890இல் கட்டுரையே எழுதினார். சுவரிலிருந்து செங்குத்தாக நீளும் அடுக்குகள் குறைந்த இடத்தில் மிகுந்த நூல்களைத் தாங்கும் என்பது அவர் கருத்து. அவர் படித்த நூல்களின் ஓரங்களில் இட்ட குறிகளும் குறிப்புகளும் இன்று தனி ஆய்வுப்பொருளாக விளங்குகின்றன.

அருகிலுள்ள ஹார்டன் மாளிகை அவர் மனைவி கேதரின் கிளின் குடும்பத்தினுடையது. பழைய கோட்டையின் சிதைவுகளைக் கொண்ட அதன் தோட்டம் தனியார் உடைமையாதலின், காண விரும்புவோர் திறப்பு நாள்களை முன்னரே உசாவி அறிதல் வேண்டும். அங்கு மரம் வெட்டுதல் கிளாட்ஸ்டனின் விருப்பப் பொழுதுபோக்காக இருந்தது.

நம் வழக்கில் தோட்டம் என்பது உழைப்பாளர் வாழ்ந்த நிலத்தையும் குறிக்கும். கிளாட்ஸ்டனின் தந்தை ஜான், தென்னமெரிக்காவின் டெமராராவில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் உடையவர். அடிமை முறை ஒழிந்தபோது பெருந்தொகையை இழப்பீடாகப் பெற்ற அவர், 1836இல் கல்கத்தா வணிக நிறுவனத்திற்குக் கடிதம் எழுதி இந்தியத் தொழிலாளரைக் கோரினார். 1838இல் இரு கப்பல்களில் ஏறத்தாழ 400 பேர் அங்குச் சென்றிறங்கினர். கயானாவின் ஒப்பந்தக்கூலி வரலாறு இவ்வாறு தொடங்கிற்று. இளம் உறுப்பினரான வில்லியமும் 1833இல் நாடாளுமன்றத்தில் தந்தையின் தோட்ட நிருவாகத்திற்காக வாதாடினார். 2023இல் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானா சென்று மன்னிப்புக் கோரியபோது, இந்தியத் தொழிலாளர்க்கு நேர்ந்த அநீதியையும் ஏற்றுரைத்தனர்.

இவ்வரலாற்றால் நூலகத்தின் சிறப்புக் குன்றிவிடுவதில்லை. எனினும், குடும்பச் செல்வத்தின் ஊற்றை அறியாமல் அக்கொடையை முழுமையாக மதிப்பிடவும் இயலாது. தோட்டத் தொழிலாளர் வழிவந்த மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், நூலகத்தையும் இரு தோட்டங்களையும் ஒருசேர அறிமுகப்படுத்துதலே முறையாகும்.