இரண்டாவது திரை ஏன் அடம் பிடிக்கிறது?

கணனியோடு இன்னொரு திரையையும் பொருத்திக்கொண்டால் எவ்வளவு வசதி என்பது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சகோதரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் ராத்தாவின் மகளும் அதற்குத்தான் ஆசைப்பட்டாள். ஒன்றில் வகுப்பு, மற்றதில் பழைய வினாத்தாள்.

அவளுடையது உபுந்து லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணனி. மாமா வீட்டில் சும்மா கிடந்த மொனிட்டரைக் கொண்டுவந்து பொருத்தினாள். படம் வந்தது, எழுத்துக்களோ ஊதிப்போய் மங்கலாகத் தெரிந்தன. பழுது பார்ப்பவர், "லினக்ஸுக்கு இது சரிவராது, வேறு மடிக்கணனி வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார். காப்பை விற்கலாமா என்று ராத்தா யோசிக்கும் அளவுக்கு விஷயம் போய்விட்டது.

உண்மையில் லினக்ஸின் மீது குற்றமில்லை. மொனிட்டரைச் செருகியதும், "நீ யார், உன் அளவு என்ன?" என்று கணனி அதனிடம் கேட்கும். மொனிட்டர் தன் விபரத்தை 128 பைட் கொண்ட ஒரு சிறு குறிப்பாக அனுப்பும். 1994ஆம் ஆண்டு வந்த ஏற்பாடு இது. வி.ஜி.ஏ. கேபிளில் 12ஆவது, 15ஆவது ஊசிகள் இந்தப் பேச்சுக்கு உரியவை. படத்தைக் கொண்டுபோவது வேறு ஊசிகள். ஆகவே இவற்றில் ஒன்று வளைந்தால் படம் வரும், விபரம் வராது. விபரம் கிடைக்காத லினக்ஸ் பெரும்பாலும் 1024 × 768 அளவோடு நின்றுவிடும். (9ஆவது ஊசி பல கேபிள்களில் இயல்பாகவே இருக்காது. அதைக் கண்டு பதற வேண்டாம்.)

செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். மொனிட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன் டிஸ்ப்ளே' என்றிருந்தால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். அடுத்த வீட்டுக் கேபிளை இரவல் வாங்கிப் பொருத்தினோம். உடனே 1920 × 1080 வந்துவிட்டது!

படமே வராவிட்டால், மொனிட்டரிலுள்ள பொத்தானை அழுத்தி அது சரியான வழியைத்தான் பார்க்கிறதா என்று கவனியுங்கள். என்விடியா சில்லு உள்ள மடிக்கணனியானால், அடிஷனல் டிரைவர்ஸில் அதற்குரிய டிரைவரைப் போட வேண்டியிருக்கும். இரண்டிலும் ஒரே படம் தெரிந்தால் 'மிரர்' என்பதை 'ஜொயின்' ஆக்குங்கள். மவுஸ் வலப்புறம் போக வேண்டியது இடப்புறம் போகிறதா? அங்கே தெரியும் இரண்டு பெட்டிகளையும், திரைகள் உங்கள் மேசையில் இருக்கும் வரிசைப்படி இழுத்து வையுங்கள்.

மாற்றத்தை 'அப்ளை' செய்தபின் திரை இருண்டுவிட்டால் எதையும் தொடாதீர்கள். 20 விநாடியில் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அந்தப் பழைய கேபிளின் வளைந்த ஊசியைத் தையல் ஊசியால் நிமிர்த்தப் பார்த்தேன். கையோடு முறிந்துவிட்டது. நீங்கள் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.