தண்ணீர் சாயாது... தொட்டிதான் சாயும்!

குழந்தைகளே, உங்கள் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறதா? இருந்தால் இப்போதே அதன் முன்னால் போய் நில்லுங்கள். மீனைப் பார்க்க வேண்டாம். தண்ணீரின் மேல்மட்டத்தைப் பாருங்கள். தொட்டியின் மேல் விளிம்பும் தண்ணீரின் கோடும் ஒரே சீராகப் போகின்றனவா? அல்லது ஒரு பக்கம் தண்ணீர் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் தெரிகிறதா?

"ஐயையோ, தண்ணீர் சாய்ந்து நிற்கிறதே!" என்று சொல்லிவிடாதீர்கள். அசையாமல் நிற்கும் தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். சாய்ந்திருப்பது தொட்டி!

ஒரு சோகக் கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மீன்தொட்டி வைத்தோம். 5 கோல்டு ஃபிஷ் வாங்கி விட்டோம். தண்ணீர் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறித் தெரிந்தது. ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பையன், பழைய செய்தித்தாளை நான்காக மடித்து, தொட்டியின் தாழ்ந்த மூலைக்கு அடியில் செருகினான். தண்ணீர் மட்டமாகிவிட்டது. "சபாஷ்!" என்று நானும் தட்டிக்கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர். கண்ணாடியில் மூலையிலிருந்து ஒரு விரிசல். தொட்டியில் ஒரு விரல் உயரத் தண்ணீர்கூட இல்லை. அவசரமாக வாளியில் எடுத்து விட்டும் மூன்று மீன்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. அன்று பையன் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த வாரம் மொட்டை மாடி வேலைக்காக வந்த கொத்தனார் தாத்தா தரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது தாழ்வாரம்ப்பா. மழைத்தண்ணி வெளியே ஓடணும்னு வாட்டம் விட்டுக் கட்டியிருக்கு. இதுல தொட்டிய அப்படியே வைக்கலாமா?" என்றார்.

வாட்டம் என்றால் என்ன?

தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் வேண்டுமென்றே விடும் சரிவுக்குத்தான் 'வாட்டம்' என்று பெயர். குளியலறை, மொட்டை மாடி, பால்கனி, தாழ்வாரம் எல்லாவற்றிலும் வாட்டம் உண்டு. 100 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறங்கினாலே போதும், தண்ணீர் ஓடிவிடும். நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். உருண்டு ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்!

இப்போது ஒரு கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டியை அந்தத் தரையில் நீளவாக்கில் வைக்கிறோம். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். கொத்தனார் கணக்கில் கிட்டத்தட்ட 2 நூல். (8 நூல் சேர்ந்தது 1 அங்குலம்.)

இவ்வளவுதானே, இதற்கா கண்ணாடி உடைந்தது என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி!

உடைத்தது யார்?

தொட்டி முழுவதும் ஒரே சீராகச் சாய்ந்திருந்தால், தாழ்ந்த முனையில் 3 மி.மீ. தண்ணீர் கூடும்; உயர்ந்த முனையில் 3 மி.மீ. குறையும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், 3 மி.மீ. தண்ணீர் தரும் கூடுதல் அழுத்தம் மிகவும் குறைவு. அதனால் மட்டும் நல்ல கண்ணாடி உடைந்துவிடாது. உண்மையான குற்றவாளி, மூலையில் செருகிய அந்தச் செய்தித்தாள்தான்!

நான்கு கால் ஸ்டூலில் ஒரு கால் மட்டும் தரையில் படாமல் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டூல் ஆடும்; உடையாது. கண்ணாடித் தொட்டி அப்படியில்லை. மேலே சொன்ன தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால் 54 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, தண்ணீர் மட்டுமே 54 கிலோ! கண்ணாடி, மணல், கூழாங்கல் எடை தனி. இத்தனை எடையையும் அடிக்கண்ணாடி முழுவதும் பரவலாகத் தாங்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டால், அதன் பக்கத்தில் உள்ள இடம் அந்தரத்தில் நிற்கும். தொட்டி முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி வளையாது, முறுகாது, விரிசல்தான் விடும். சில சமயம் உடனே விடும். சில சமயம் பல நாள் கழித்து விடும்.

ரசமட்டமும் மட்டக்குழாயும்

கொத்தனார் தாத்தா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். அதில் லேசாக வளைந்த சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். குழாய்க்குள் ஆல்கஹால் போன்ற திரவமும் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கும். குமிழி எப்போதும் உயரமான பக்கத்துக்கே ஓடும். நடுவில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே நின்றால் மட்டம் சரி. இதை 1661ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தவர், பிரான்ஸ் நாட்டு அறிஞர் மெல்கிசெடெக் தெவனோ.

ரசமட்டம் இல்லையா? ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் மேலே தூக்கிப் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். வீடு கட்டும் இடத்தில் தூண்களில் மட்டம் குறிக்க இப்படித்தான் செய்வார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. இருந்தால் மட்டம் தவறாகக் காட்டும்.

சரியான முறை இதுதான்!

1. முதலில் கோலிக்குண்டை உருட்டி, வாட்டம் குறைவான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர் வெயில் படக்கூடாது.

2. தொட்டியை வைக்காமல், வெறும் ஸ்டாண்டை மட்டும் வையுங்கள். ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள்.

3. தாழ்ந்த பக்கத்தில் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் டைல்ஸ் துண்டோ தட்டையான இரும்புத் தகடோ வைக்க வேண்டும். கால் முழுவதும் அதன் மேல் பதிய வேண்டும். காகிதம், அட்டை கூடாது, நனைந்தால் நசுங்கிவிடும். ஸ்டாண்டு கொஞ்சமும் ஆடக்கூடாது. எதையும் தொட்டியின் மூலைக்கு அடியில் வைக்கவே கூடாது!

4. அடிக்கண்ணாடி நேராக ஸ்டாண்டில் உட்காரும் தொட்டி என்றால், இடையில் தெர்மோகோல் அட்டை போடுங்கள். மணல் துகள், சின்ன மேடு பள்ளங்களை அது ஏற்றுக்கொள்ளும். ஆனால், தரையின் வாட்டத்தைத் தெர்மோகோல் சரிசெய்யாது.

5. இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் பாதி வரை நிரப்புங்கள். மறுநாள் பார்த்துவிட்டு முழுவதும் நிரப்பலாம். மீன்களுக்கு அதன் பிறகுதான் இடம்!

தொட்டியைத் தூக்குவதும் ஸ்டாண்டை நகர்த்துவதும் பெரியவர்கள் வேலை. அளப்பதும் குறிப்பதும் உங்கள் வேலை. ஏற்கெனவே மீன் உள்ள தொட்டி சாய்ந்திருந்தால், நிறைந்த தொட்டியை நெம்பாதீர்கள். மோட்டார், விளக்கின் பிளக்கைப் பெரியவர்களைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரையே சுத்தமான வாளியில் எடுத்து, மீன்களை அதில் விட்டு, தொட்டியைக் காலி செய்த பிறகே சரிசெய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் புதுத் தொட்டி வந்தபோது, என் பையனே ஸ்கேலை எடுத்து நான்கு மூலையும் அளந்தான். மூன்று முறை அளந்தான்! ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டு வைத்த பிறகுதான் அவனுக்குத் திருப்தி. வாளியில் காத்திருந்த மூன்று மீன்களும் மறுநாள் மாலை புது வீட்டுக்குக் குடிபோயின.

கண் ஏமாறும், தண்ணீர் ஏமாற்றாது. இன்று மாலை ஸ்கேலும் கையுமாக உங்கள் தொட்டியை அளந்து பார்ப்பீர்கள்தானே?