பரியின் கண்ணும் புரைநீக்கமும்

குதிரையின் வலிமை காலில் உள்ளது என்பர். அக்காலை நடத்துவது கண் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். தரைவாழ் பாலூட்டிகளுள் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரையும் ஒன்று. மனிதக் கண்ணின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். குதிரையின் கண்ணுக்கோ அது 40 மில்லிமீற்றர் அளவினது. ஓடித் தப்பும் இயல்புடைய விலங்காதலின், பார்வை மங்கிய குதிரை சிறு நிழலுக்கும் வெருண்டு, தனக்கும் தன்மேல் ஏறியவனுக்கும் இடர் விளைக்கும்.

கண்ணினுள்ளே தெளிவாயிருக்க வேண்டிய வில்லை வெண்மையுற்று ஒளியை மறைப்பதே கண்புரை. குதிரைகளில் இது பிறவியிலேயே அமைவதுண்டு; கண்ணின் உட்படலம் மீண்டும் மீண்டும் அழற்சியுறுவதால் உண்டாவதும் உண்டு. அவ்வழற்சி நோயைத் திங்களின் வளர்தேய்வோடு தொடர்புபடுத்தி, 'நிலாக்குருடு' என மேனாட்டார் முன்னாளில் வழங்கினர்.

மருந்தினாற் புரை கரையாது, சத்திரசிகிச்சையே வழி. 1967 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சாள்ஸ் கெல்மன் மனிதர்க்கென வகுத்த முறையே இன்று குதிரைகளுக்கும் கையாளப்படுகின்றது. சிறு துளையினூடே ஊசி போன்ற கருவியைச் செலுத்தி, கழியொலி அதிர்வினால் வில்லையைத் துகளாக்கி உறிஞ்சி எடுப்பர்.

ஆயின், புரையை நீக்குதல் வேறு. பார்வையை மீட்டல் வேறு. உள்ளிருந்து காண்பார் இல்லாவிடின், சாளரத்தைத் துடைத்துப் பயன் யாது? எனவே, புரைக்குப் பின்னேயுள்ள விழித்திரை பழுதின்றி இருக்கின்றதா என்பதைக் கழியொலிப் படத்தாலும் மின்சோதனையாலும் முன்னரே ஆராய்வர். அழற்சியால் நலிந்த கண்களிற் பயன் குறைவு. பிறவிப் புரையுடைய, பிற நோயற்ற குட்டிகளே பெரிதும் நற்பயன் பெறுவன. அவற்றுக்கும் காலந்தாழ்த்தல் ஆகாது. இளமையிற் கண்வழி உருவங்களைப் பெறாத மூளை, பின்னர் காணக் கற்பது அரிது.

சிகிச்சையின் பின்னும் இடருண்டு. மயக்கந் தெளிந்து எழும் குதிரை தடுமாறி வீழ்ந்து எலும்பு முறிதல் கூடும். இமையினூடே பொருத்திய மென்குழாய் வழியாகப் பல நாள் மருந்து செலுத்த வேண்டும். வில்லையிழந்த கண்ணுக்கு உருவங்கள் தெளிவற்றே தோன்றும். எனினும் வேலியையும் மரத்தையும் விலகி நடக்க அப்பார்வை உதவும். தெளிவை மிகுவிக்கச் செயற்கை வில்லை பொருத்துவாரும் உளர்.

ஆகவே, உகந்த குதிரையைத் தெரிதலே மருத்துவரின் முதற்கடன். அல்லாததற்குக் கத்தியை எடுக்க மறுப்பவரும் அவ்வுயிர்க்கு நன்மையே செய்தவராவர்.