எண்கள் சொல்லும் செய்தி

மகிழுந்தின் இயந்திரத்தில் உள்ள உலோகப் பாகங்கள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை அசைகின்றன. அவை ஒன்றோடொன்று உரசித் தேயாதவாறு, இடையே மெல்லிய படலமாக நின்று காப்பது மசகு எண்ணெய் ஆகும்.

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடையைப் பாகுத்தன்மை என்பர். தண்ணீர் விரைந்து ஓடும். பாகுத்தன்மை மிகுந்த தேனோ மெதுவாக வழியும். தேனைச் சூடாக்கினால் அதுவும் இளகி ஓடும். மசகு எண்ணெயும் அவ்வாறே வெப்பத்தில் இளகும், குளிரில் தடிக்கும்.

எண்ணெய்க் கலன்களில் ‘5டபிள்யூ-30’ போன்ற குறியீடுகள் காணப்படும். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால், எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதில் ஓடும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியசில் எண்ணெயின் பாகுத்தன்மையைக் காட்டுகிறது. அவ்வெண் பெரிதானால் எண்ணெயும் தடித்திருக்கும்.

மலேசியா வெப்பமான நாடு என்பதால் தடித்த எண்ணெயே சிறந்தது எனச் சிலர் கருதுகின்றனர். ஆனால், இயங்கும் இயந்திரத்தின் வெப்பநிலையை அதன் குளிர்விப்பு அமைப்பு பெரும்பாலும் ஒரே அளவில் வைத்திருக்கிறது. எண்ணெய் மிகவும் தடித்திருந்தால், இயந்திரத்தை முடுக்கியதும் பாகங்களைச் சென்றடையத் தாமதமாகும்; எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். மிகவும் இளகியிருந்தால், காக்கும் படலம் அறுந்து உலோகம் தேயும்.

பாகங்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளியை அறிந்தே தயாரிப்பாளர்கள் ஏற்ற எண்ணெயைப் பரிந்துரைக்கின்றனர். எனவே, எண்ணெயை மாற்றும் முன் வாகனக் கையேட்டைப் பார்ப்பதே அறிவுடைமை. அந்தச் சில நிமிடக் கவனம், பழுதுபார்க்க ஆகும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.